பொற்றாளத்துக்கு ஓசை கொடுத்தது யார்?

தாளம் என்று தேடினால் தாளம் கிடைக்காது. ஆதி, ரூபகம், சாபு என்று கால அளவுகள்தாம் வந்து குவியும். நூலகப் பட்டியலிலும் அப்படித்தான், நூல்களின் கடைசியில் இருக்கும் சொல்லடைவிலும் அப்படித்தான். கயிற்றில் கோத்துக் கையில் பிடித்துத் தட்டுகிற அந்த இரண்டு வெண்கலக் குழிகள், தாம் செய்யும் வேலையின் பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டுவிட்டன. மூன்று ஆண்டுகளாக நான் தேடிவருவது அந்தக் குழிகளைத்தான்.

தேடல் கும்பகோணத்தில் ஒரு கன்னார் பட்டறையில் தொடங்கியது. மார்கழி பஜனையில் தாத்தா தட்டிய ஜால்ரா எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. இரண்டில் ஒன்றில், விளிம்பிலிருந்து நடுக்குமிழ் வரை மயிரிழை போல ஒரு விரிசல். தட்டினால் ஒலி எழும்பாமல் அந்த இடத்திலேயே விழுந்தது. பற்றவைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். பட்டறைப் பெரியவர் அதைக் காதருகே பிடித்து நகத்தால் சுண்டினார்.

“பத்த வெச்சா ஒட்டும், தம்பி. ஆனா பேசாது.”

வெண்கலம் விரிசல் விட்டால் அதோடு போயிற்று, உருக்கித்தான் மறுபடி வார்க்க வேண்டும் என்றார். பேச்சு நீண்டது. திருஞானசம்பந்தருக்குச் சிவபெருமான் பொற்றாளம் கொடுத்த கதையை நான் எடுத்தேன். அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். சம்பந்தர் பெயரைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்கிவிட்டு, சற்று யோசித்துக் கேட்டார்.

“தங்கத்துல தாளமா? தங்கம் எங்க, தம்பி, பேசும்?”

ஐம்பது வருடம் உலோகத்தைத் தட்டிய கையின் கேள்வி அது. எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

ஆளைத் தேடுகிறவர்கள் முதலில் அவனுடைய மாற்றுப் பெயர்களை எழுதிக்கொள்வார்கள். நானும் எழுதினேன்: தாளம், கைத்தாளம், குழித்தாளம், சிங்கி, ஜால்ரா, கஞ்சம், கஞ்சதாளம், பாண்டில். கோயில் மேளத்தில் வரும் பெரிய தட்டு பிரம்மதாளம். இவற்றில் ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு மறைவிடம். கஞ்சம் என்றால் வெண்கலம். தாமரைக்கும் அதுவே பெயர். ஜால்ரா என்று தேடினால் அரசியல் மேடைப் பேச்சுகள்தாம் கிடைக்கும். பாடுகிறவருக்கு ஒத்துத் தட்டுவது ஒன்றுதான் அந்தக் கருவி செய்த குற்றம். அதற்காக முகத்துதி செய்கிறவர்களின் பெயரை அதன் தலையில் கட்டிவிட்டோம். ஒரு கச்சேரியில் தாளம் பிடிப்பவர் அரை நொடி கண்ணயர்ந்தால் மொத்த மேளமும் சரிந்துபோகும் என்பதை அறிந்தவர்கள் அந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்த மாட்டார்கள்.

இந்தப் பெயர்களில் என்னை அதிகம் அலைக்கழித்தது பாண்டில். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் அந்தச் சொல்லுக்கு நீண்ட வரிசை ஒன்று வரும். வட்டம் என்பது அடிப்பொருள். அகல்விளக்கின் தகழி பாண்டில். இரண்டு சக்கர வண்டி பாண்டில். அதை இழுக்கும் எருதும் பாண்டில். நெடுநல்வாடையில் அரசி உறக்கமின்றிக் கிடக்கிற தந்தக் கால் கட்டிலும் பாண்டில்தான். ஆகவே சங்க நூல்களில் பாண்டில் என்று எங்கே கண்டாலும், அது ஓடுகிறதா, எரிகிறதா, படுக்க இடம் கொடுக்கிறதா, ஒலிக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டே கடக்க வேண்டியிருந்தது.

ஒலிக்கிற பாண்டில் மலைபடுகடாத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட பாட்டு அது. செங்கண்மா இன்றைய செங்கம். பரிசில் பெறப் போகும் கூத்தர்கள் தம் கருவிகளைப் பையில் கட்டித் தோளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். மழைக்காலத்துப் பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோல் இருக்கிறதாம் அது. முழவு, ஆகுளி, கொம்பு, தூம்பு, குழல் என்று போகும் அந்தப் பட்டியலில் முன்வரிசையிலேயே பாண்டில் வருகிறது. நச்சினார்க்கினியர் அதற்குக் கஞ்சதாளம் என்று உரை எழுதியிருக்கிறார். உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சுக்குக் கொண்டுவந்தபோது இந்த உரையும் சேர்ந்தே வந்தது.

அங்கே என் கண் நின்றது பெயரில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் அடைமொழியில். புலவர் இரண்டு வினைகளைச் சொல்கிறார்: நுட்பமாக உருக்கியது, ஒளிவிடும் அடராக ஆக்கியது. அடர் என்றால் தட்டி மெலிதாக்கிய தகடு. முதலில் உருக்கு, அப்புறம் தட்டு. அச்சில் ஊற்றி ஆறவிட்டு எடுத்த பொருளைப் பற்றி இப்படிச் சொல்ல மாட்டார்கள். கூத்தர்களின் பையைப் பார்த்து எழுதிய புலவருக்கு, அந்தப் பைக்குள் இருக்கும் பொருள் பட்டறையில் எப்படி உருவாகிறது என்றும் தெரிந்திருக்கிறது.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ தோண்டி எடுத்த பொருள்கள் அங்கே இருக்கின்றன. அவற்றின் பட்டியலை அவர் 1915இல் வெளியிட்டார். நான் பார்க்கப் போனது வெண்கலக் கிண்ணங்களை. அவற்றின் சுவர் நம்ப முடியாத அளவு மெலிது. உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆதிச்சநல்லூர், நீலகிரிக் கிண்ணங்களை ஆராய்ந்து எழுதியிருப்பதைப் படித்த பிறகே அந்த மெலிவின் பொருள் புரிந்தது. அவற்றில் வெள்ளீயம் சுமார் 23 விழுக்காடு. சாதாரணச் சிலை வெண்கலத்தில் இவ்வளவு இருக்காது. வெள்ளீயம் கூடக்கூட வெண்கலம் கடினமாகும், கூடவே நொறுங்கவும் செய்யும். குளிர்ந்த நிலையில் சுத்தியலால் ஓங்கித் தட்டினால் கண்ணாடி போலச் சிதறும். ஆனால் 586 டிகிரிக்கும் 798 டிகிரிக்கும் இடைப்பட்ட செஞ்சூட்டில் அதே உலோகம் வளைந்து கொடுக்கும். அந்தச் சூட்டில் தட்டி, சூடு இறங்குவதற்குள் மறுபடி உலையில் வைத்து, மறுபடி தட்டி, கடைசியில் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். அப்படி எடுத்த கிண்ணத்தைச் சுண்டினால் அது நெடுநேரம் பாடும்.

வெப்பமானி இல்லாத காலத்தில் இந்த 200 டிகிரி இடைவெளியைக் கண்ணால் பார்த்துப் பிடித்தார்கள். உலைக்காரருக்குச் சிவப்பில் எத்தனை வகை என்று தெரியும். அந்த அறிவு ஏட்டில் ஏறவில்லை. மலைபடுகடாத்தின் ஓர் அடைமொழியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கான்ஸ்டான்டினோபிளில் 1623இல் பட்டறை தொடங்கிய ஆர்மீனியர் அவெடிஸின் குடும்பத்துக்கு ஜில்ஜியான் என்று பெயர் வந்ததும் இதே உலோகத்தால்தான். துருக்கி மொழியில் ஜில் என்றால் தாளம். அவர்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டு ரகசியமாகக் காத்த கலவையில் செம்பு 80 பங்கு, வெள்ளீயம் 20 பங்கு. துருக்கிப் படைமேளத்தில் ஒலித்த அந்தத் தாளங்களின் சாயலை மோட்ஸார்ட் 1782இல் தன் இசைநாடகத்துக்குள் கொண்டுவந்தார். இன்று ஜாஸ் மேடையில் ஒலிப்பதும் அந்த வழிவந்தவைதாம். நம் குழித்தாளத்துக்கும் அவற்றுக்கும் உறவு கற்பிக்க நான் வரவில்லை. ஓசை வேண்டும் என்று தேடிய கைகள் வெவ்வேறு நாடுகளில் செம்பில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே வெள்ளீயம் சேர்த்தன என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். பொன்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

தாளம் என்ற பெயரிலேயே கருவி பிடிபட்ட இடம் காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம். பேய்கள் வாசிக்க இறைவன் ஆடும் சுடுகாட்டில் கருவிகளை வரிசையாக எண்ணிக்கொண்டே போகிறார் அம்மையார். சச்சரி, கொக்கரை, தக்கை, தகுணிதம், துந்துபி எல்லாம் வந்த பிறகு தாளம் வருகிறது. அதற்கு அடுத்த சொல் வீணை. ஒரு பக்கம் துந்துபி, மறுபக்கம் வீணை. நடுவில் நிற்கும் தாளத்தைக் கால அளவு என்று சொல்ல யாராலும் முடியாது. அன்று மாலை நூலகம் மூடும் மணி அடித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

அடுத்து, இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாததைக் கவனிக்கத் தொடங்கினேன். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவி ஆடும்போது கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும் வரிசையை இளங்கோவடிகள் சொல்கிறார். குழலைத் தொடர்ந்து யாழ், யாழைத் தொடர்ந்து தண்ணுமை, அதன் பின் முழவு, முழவோடு ஆமந்திரிகை. அந்தச் சங்கிலியில் வெண்கலத்துக்கு இடமில்லை. இன்று பரதநாட்டிய மேடையில் நட்டுவாங்கத் தாளம் இல்லாமல் ஓர் அடவுகூட எழும்பாது. அந்த இணையில் ஒன்று வெண்கலம், இன்னொன்று எஃகு. எஃகு தட்டும், வெண்கலம் பேசும். சொற்கட்டின் ஒவ்வொரு எழுத்தும் ஆடுபவரின் பாதத்துக்குப் போய்ச் சேர்வது அந்த ஓசை வழியாகத்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலில் கிடைத்தது இன்னும் கூர்மையான மௌனம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹுல்ச் பதிப்பித்த 65ஆம் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சொல்வது. திருப்பதியம் பாட 48 பிடாரர்களை அரசன் அமர்த்துகிறான். அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல், அதாவது காற்கலம். ஒவ்வொருவர் பெயரும் கல்லில் இருக்கிறது. தீட்சைப் பெயராகச் சிவன் என்று முடியும் பெயர்கள் நிறைய. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த இடத்துக்கு வர வேண்டும், அவருக்குப் பாடத் தெரியாவிட்டால் தெரிந்த வேறொருவரைச் சேர்க்க வேண்டும் என்றெல்லாம் விவரமாக எழுதிவைத்திருக்கிறார்கள். இவ்வளவு எழுதியவர்கள் தாளத்துக்கு ஆள் போடவில்லை.

உடுக்கைக்கு நெல் உண்டு, மத்தளத்துக்கு நெல் உண்டு, தாளத்துக்கு இல்லை. 48 பேர் ஒரே குரலில் பாடும்போது காலத்தைக் கட்டிப் பிடிக்க ஒன்றும் இல்லாமலா பாடியிருப்பார்கள்? வேறு கோயில்களின் கல்வெட்டுகளைப் பார்த்தால், ஸ்ரீபலிக்குக் கொட்டும் உவச்சர் கூட்டத்தில் தாளம், சேகண்டிகை, காளம் என்று கருவி வாரியாக ஆள் எண்ணிப் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே தாளக்காரர் தனி ஆள். இங்கே இல்லை. சில வாரங்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடை ஒரு கோயில் மண்டபத்தில், சாயரட்சை நேரத்தில் என் எதிரிலேயே நின்றது. ஓதுவார் ஒருவர் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். அவர் கையிலேயே தாளம் இருந்தது. வெளியே பிராகாரத்தில் நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம். அங்கே தாளம் தட்டியவன் பன்னிரண்டு வயதுப் பையன். மேளத்தில் தாளத்துக்குத் தனி ஆள், பாட்டில் பாடுபவர் கையிலேயே தாளம். உவச்சர் கல்வெட்டுக்கும் பிடாரர் கல்வெட்டுக்கும் இடையில் நான் கண்ட வேறுபாடு, ஒரே கோயிலில், கருவறை வாசலுக்கும் பிராகாரத்துக்கும் இடையில் இன்றும் இருக்கிறது. தஞ்சாவூரில் அந்த 48 பேரின் கையிலும் தாளம் இருந்தது என்பது என் முடிவு. பாடுகிற கையே தட்டியதால் தட்டுவதற்கென்று தனி நெல் அளக்கவில்லை; நெல் அளக்காததால் கல்லில் பெயர் ஏறவில்லை.

கல்வெட்டைக் கணக்குப் புத்தகமாக மட்டும் படித்தால் சம்பளம் வாங்காத கருவி கண்ணில் படாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

பாடுபவரே தட்டுவது என்ற இந்த முடிச்சு அவிழ்ந்ததும், கன்னார் பெரியவரின் கேள்விக்குத் திரும்ப வழி கிடைத்தது. ஏனென்றால் பொற்றாளக் கதையின் நடுவில் இருப்பதும் அதே செயல்தான்.

கதை நடக்கும் இடம் சீர்காழியை ஒட்டிய திருக்கோலக்கா. ஊர்க்காரர்கள் திருத்தாளமுடையார் கோயில் என்பார்கள். ஞானப்பால் உண்ட மூன்று வயதுச் சம்பந்தர் அடுத்து வந்து பாடிய தலம். நான்கு அடுக்குகளாக இந்தக் கதை கிடைக்கிறது. நான்கையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தேன்.

முதல் அடுக்கு சம்பந்தரே பாடிய பதிகம், முதல் திருமுறையில் 23ஆவது. பண் தக்கராகம். தி. வே. கோபாலையர் பதிப்பித்து பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1984இல் வெளியிட்ட முதல் தொகுதியில் 11 பாடல்களையும் சொல் சொல்லாகப் பார்த்தேன். ஏழாம் பாடலில் வண்டினம் குழல் போலப் பண் செய்கிறது. குயில் இருக்கிறது, மயில் இருக்கிறது, பூதப்படை இருக்கிறது. தாளம் இல்லை. பொன்னும் இல்லை.

இரண்டாவது அடுக்கு சுந்தரர். சம்பந்தருக்குப் பின்னால் வந்து இதே கோலக்காவைப் பாடியவர். ஏழாம் திருமுறையில் 62ஆம் பதிகம். எட்டாம் பாடலில் செய்தி தெளிவாக இருக்கிறது. இன்னிசையால் தமிழ் பரப்பிய ஞானசம்பந்தனுக்கு உலகத்தார் முன்னிலையில் தாளம் கொடுத்து, அவன் பாட்டுக்கு இரங்கிய இறைவன் என்று சொல்கிறார். கொடுத்தது தாளம், எந்த உலோகம் என்ற பேச்சே அந்தப் பாட்டில் இல்லை. சுந்தரர் மனம் பற்றியிருப்பது கொடுத்த செயலையும், கேட்டு இரங்கிய செவியையும்.

மூன்றாவது அடுக்கு சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டு, இரண்டாம் குலோத்துங்கன் காலம். இங்கேதான் காட்சி முழுமையாக விரிகிறது. குழந்தை கைகளால் ஒத்தறுத்துப் பாடுகிறது. ஒத்தறுத்தல் என்பது கையால் தட்டிக் காலத்தை அளந்துகொள்வது. அதைக் கண்டு இறைவனுக்குக் கருணை சுரக்கிறது. அஞ்செழுத்துப் பொறித்த செம்பொன் தாளம் குழந்தையின் கைக்கு வந்து சேர்கிறது. பாட்டுக்கு இசைந்த அளவில் அது அமைந்திருந்தது என்று சேக்கிழார் ஒரு சொல் சேர்க்கிறார். சம்பந்தர் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு, ஏழிசையும் ஓங்க மேலே பாடி, திருக்கடைக்காப்புச் சாத்துகிறார். முதல் அடுக்கின் மௌனத்துக்கும் இங்கே விளக்கம் இருக்கிறது: தாளம் வந்தது பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே. பாட்டுக்குள் அதைத் தேடியது என் அவசரம்.

அந்தப் பொற்றாளத்துக்கு அம்பாள் ஓசை கொடுத்த செய்தியைச் சேக்கிழாரில்தான் பார்ப்போம் என்று இத்தனை காலம் உறுதியாக நம்பியிருந்தேன். சிறுவயதில் கேட்ட கதை அப்படித்தான் மனதில் பதிந்திருந்தது. கோலக்காவைப் பாடும் அந்தச் செய்யுள்களை மூன்று பதிப்புகளில் ஒப்பிட்டுப் பார்த்தேன். அம்மை அங்கே பேசப்படவில்லை. சேக்கிழாருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. இறைவன் கொடுத்தான், பொன் ஒலித்தது, அவ்வளவுதான்.

நான்காவது அடுக்கு ஏட்டில் இல்லை, கோயிலில் இருக்கிறது. அங்கே அம்மையின் பெயர் ஓசை கொடுத்த நாயகி. தலபுராணமாக ஊர் சொல்லும் கதை இது: அப்பன் பொன்னால் தாளம் கொடுத்துவிட்டார், பிள்ளை தட்டினால் ஓசை வரவில்லை, அம்மைதான் அதற்கு ஓசை கொடுத்தாள்.

அந்தச் சந்நிதியில் நின்றபோதுதான் அது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. இந்தப் பெயரை வைத்தவருக்குப் பொன் ஒலிக்காது என்று தெரிந்திருக்கிறது. ஏடு எழுதுபவருக்குப் பொன் உயர்ந்த உலோகம். ஆண்டவன் கொடுத்தால் அது பொன்னாகத்தான் இருக்க வேண்டும். பட்டறையில் நின்றவருக்குப் பொன் மெத்தென்ற உலோகம். கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம் கனம். தட்டினால் அதிர்வைத் தனக்குள்ளேயே விழுங்கிவிடும். ஊரில் எனக்குத் தெரிந்த பொற்கொல்லர் ஒருவரிடம் இதைக் கேட்டபோது, சொக்கத்தங்கத் துண்டு ஒன்றையும் செம்பு கலந்த பழைய காசு ஒன்றையும் கல்லில் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். காசு சிணுங்கியது, செம்பு கலந்ததால் வந்த சிணுங்கல் அது. சொக்கத்தங்கம் மண்ணில் விழுந்த புளியங்கொட்டை போல அடங்கிவிட்டது. சேக்கிழார் சொல்வதோ செம்பொன்.

ஆக, ஏட்டிலிருந்து கோயிலுக்கு வரும் வழியில் யாரோ ஒருவர் அந்தக் கதையை நிறுத்தி, உலோகம் தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டிருக்கிறார். கேட்டதால் நம்பிக்கை உடையவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு தாய் விடையாக வந்தாள். வாய் பேசாத குழந்தைகளை இந்தச் சந்நிதிக்கு அழைத்து வருகிறார்கள். நான் போன அன்றும், நான்கு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா நின்றிருந்தார். அர்ச்சகர் மணியடித்தபோது குழந்தை சட்டென்று தலையைத் திருப்பிப் பார்த்தது. அந்த அம்மாவின் முகத்தில் ஓடியதை எழுத என்னிடம் சொல் இல்லை. பொன்னுக்கே குரல் கொடுத்தவள் என் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டாளா என்ற அவர்களின் கணக்கு, தங்கம் பேசாது என்று அறிந்த கையிலிருந்து தொடங்குகிறது.

கும்பகோணத்துக்கு மறுபடி போனபோது தாத்தாவின் ஜால்ராவை உருக்கக் கொடுக்க மனம் வரவில்லை. புது இணை ஒன்று கேட்டேன். பெரியவர் ஒரு கோணிச் சாக்கைப் பிரித்துக் குழிகளைத் தரையில் பரப்பினார். ஒன்றை எடுத்துச் சுண்டி, அந்த ஓசை அடங்குவதற்குள் இன்னொன்றைச் சுண்டுவார். தலையசைத்துக் கீழே வைப்பார். இரண்டும் அச்சுப்போல் ஒரே சுருதியில் இருந்தால் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மயிரிழை விலகியிருக்க வேண்டும் என்றார். அப்போதுதான் சேர்த்துத் தட்டும்போது ஓசை நிற்காமல் அலையலையாக உருண்டு போகும்.

அவர் தேடிக்கொண்டிருந்தபோதே நான் கோலக்காவைப் பற்றிச் சொன்னேன். சம்பந்தர் பதிகம், சுந்தரர், சேக்கிழார், கடைசியில் அம்மையின் பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் கை நின்றது. கையில் இருந்த குழியின் ஓசை முழுக்க அடங்கும் வரை பேசாமல் இருந்தார்.

“அப்ப எங்க ஆளு யாரோ போயிக் கேட்டிருக்கான், தம்பி.”

சொல்லிவிட்டு, குவியலிலிருந்து அடுத்த குழியை எடுத்துக் காதருகே பிடித்துச் சுண்டினார்.